மங்கும் விளக்கும் மாறும் பெயர்களும்: ஒரு திகில் நாடகத்தின் மேடை வரலாற்றை எப்படிப் படிப்பது?

மேடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கணவன் வெளியே போய்விட்டான். வேலைக்காரர்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். திடீரென்று சுவர் விளக்கின் சுடர் தாழ்கிறது. யாரும் திருகைத் தொடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. சற்று நேரத்தில் மேல்மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறது. அந்த மாடியோ பூட்டிக் கிடக்கிறது. ‘நான் பார்த்தது நிஜமா, என் மூளையின் கோளாறா?’ என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

1938இல் ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்தின் உயிர்நாடி இந்த ஒரு காட்சிதான். இன்று சமூக வலைத்தளங்களில் கணவன் மனைவி சண்டை முதல் அரசியல் விவாதம் வரை அடிபடும் ‘கேஸ்லைட்டிங்’ (ஒருவரைத் தன் நினைவையும் புத்தியையுமே சந்தேகிக்க வைக்கும் தந்திரம்) என்ற சொல் இந்த விளக்கிலிருந்துதான் பிறந்தது. சொல்லைத் தெரிந்தவர்களில் பலருக்கு நாடகம் தெரியாது. நாடகத்தைத் தெரிந்தவர்களிலும் பலர் திரைப்படத்தைத்தான் பார்த்திருப்பார்கள். ‘மேடை வரலாறு’ என்றால் என்ன என்று விளக்குவதற்கு இதைவிட வசதியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (முடிவையும் சொல்லப்போகிறேன். நாடகத்தை முதன்முறையாகப் பார்க்கும் சுகம் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் ‘கேஸ் லைட்’ என்றால் கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வரும் பெட்ரோமாக்ஸ் நினைவுக்கு வரும். அது மண்ணெண்ணெயில் எரிவது, ஒவ்வொரு விளக்கும் தனி. ஹாமில்டனின் விளக்கு வேறு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுச் சுவர்களில் ஓடும் குழாயிலிருந்தே எல்லா அறை விளக்குகளும் எரியும். குழாயில் வரும் வாயு அளவானதுதான். வீட்டின் ஒரு மூலையில் புதிதாக ஒரு விளக்கை ஏற்றினால் மற்ற விளக்குகளின் சுடர் கொஞ்சம் இறங்கும். மாடியில் ஒருவர் குழாயைத் திறந்தால் கீழே குளிப்பவரின் ஷவர் மெலிகிறதே, அதே கணக்கு. ஆக, சுடர் தாழ்ந்தது என்றால் அதே வீட்டில் இன்னொரு விளக்கை யாரோ ஏற்றியிருக்கிறார் என்று பொருள். துப்பறியும் கதைக்கு இத்தனை கச்சிதமான தடயம் வாய்ப்பது அபூர்வம்.

கதை 1880இல் நடக்கிறது. இடம் லண்டனின் பிம்லிகோ பகுதியில், ஏஞ்சல் தெருவில் ஒரு வீடு. ஜாக் மானிங்ஹாம் தன் மனைவி பெல்லாவைப் பார்த்து, அவள் மறதிக்காரி, பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு இல்லை என்று சாதிப்பவள், தாயைப் போலவே பைத்தியமாகப் போகிறவள் என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லி நம்பவைக்கிறான். சுவரில் மாட்டியிருந்த படம் காணாமல் போகிறது. அவனே ஒளித்துவைத்துவிட்டு அவளை விசாரிக்கிறான். தொடக்கக் காட்சியின் கொடூரத்தைப் பாருங்கள்: நாடகம் பார்க்க அழைத்துப் போகிறேன் என்று ஆசை காட்டுகிறான், அவள் குழந்தைபோலத் துள்ளுகிறாள், அந்த நொடியில் ‘அந்தப் படம் எங்கே?’ என்று கேட்கிறான். ஒரு அடியும் விழவில்லை, குரல்கூடப் பெரிதாக உயரவில்லை. ஆனாலும் அடிபட்டவள்போல அவள் சுருங்கிப்போகிறாள்.

பிறகு ரஃப் என்ற வயதான துப்பறிபவர் வருகிறார். இதே வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் ஆலிஸ் பார்லோ என்ற மூதாட்டி கொல்லப்பட்டாள், அவளுடைய மாணிக்கக் கற்கள் கிடைக்கவே இல்லை, கொலைகாரன் வேறு பெயரில் திரும்பிவந்து மேல்மாடியில் ஒவ்வொரு இரவும் தேடிக்கொண்டிருக்கிறான், அவன்தான் உன் கணவன் என்கிறார். கவனியுங்கள், இதெல்லாம் முதல் அங்கத்திலேயே வெளிவந்துவிடுகிறது.

இங்குதான் ‘மர்ம நாடகம்’, ‘திகில் நாடகம்’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரியும். மர்ம நாடகத்தில் ‘யார் செய்தது?’ என்ற கேள்வி கடைசிவரை நீடிக்கும். லண்டனில் 1952 நவம்பர் 25 அன்று தொடங்கி, பெருந்தொற்று நிறுத்திய 2020 மார்ச் வரை இடைவிடாமல் ஓடிய அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ அந்த வகை. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று இன்றும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். திகில் நாடகத்தில் குற்றவாளி நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறான். ‘அவள் தப்புவாளா? அவனுக்குத் தெரிந்துவிடுமா?’ என்பதுதான் கேள்வி. ரஃப் ஒளிந்துகொள்ளப் போகும்போது தன் தொப்பியை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார். கணவன் வரும் சத்தம் கேட்கிறது, தொப்பி எல்லார் கண்முன்னும் இருக்கிறது. கடைசி நொடியில் திரும்பிவந்து எடுத்துக்கொண்டு போவார். அந்தத் தொப்பிக்காக அரங்கம் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சாதாரணத் தொப்பியால் அவ்வளவு பேரை வதைக்க முடியும் என்று தெரிந்தவர்தான் நல்ல திகில் நாடகாசிரியர்.

சரி, மேடை வரலாறு என்றால் என்ன? நாடகப் பிரதி என்பது காகிதத்தில் இருப்பது. அதை எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் நடித்து, எந்த மொழியில், எந்தப் பெயரில், யாருக்காக மேடையேற்றினார்கள் என்பதன் தொகுப்பே மேடை வரலாறு. இலக்கிய வரலாறு ஆசிரியரோடு நின்றுவிடலாம். மேடை வரலாறு டிக்கெட் விற்பனை, நடிகையின் உடல்நிலை, போர், தடைச்சட்டம், லாரி வாடகை என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் அரங்கேற்றத்தின் தேதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு ஒரு நாடகத்தின் வரலாறு தெரியும் என்று சொல்வது, பிறந்த நாளை வைத்து ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வது போன்றது.

ஆனாலும் பிறந்த நாளிலிருந்துதானே தொடங்க வேண்டும். ‘கேஸ் லைட்’ 1938 டிசம்பர் 5 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் தியேட்டரில் அரங்கேறியது. அப்போதெல்லாம் புது நாடகத்தை இப்படி ஓரமான அரங்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகப் போனால் நகரின் நடுவில் உள்ள வெஸ்ட் எண்ட் அரங்குப் பகுதிக்குக் கொண்டுபோவார்கள். இதுவும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அப்பல்லோ தியேட்டருக்குப் போனது. பெல்லாவாக க்வென் ஃப்ராங்கன்-டேவிஸ், கணவனாக டென்னிஸ் அருண்டெல் நடித்தார்கள். இந்த க்வென் அம்மையாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகப்போகிறவர் அவர்தான்.

ஹாமில்டனுக்கு இது முதல் வெற்றி அல்ல. 1929இலேயே ‘ரோப்’ என்ற நாடகத்தின் மூலம் பெயர் வாங்கியிருந்தார். அதைத்தான் 1948இல் ஹிட்ச்காக் படமாக்கினார். இடையில் 1932இல் ஒரு கார் மோதி ஹாமில்டன் படுகாயமடைந்தார், முகத்தில் தழும்பு நிலைத்தது. குடி அவரை மெல்லத் தின்றது. 1962இல் இறந்தார். நாவல்களில்தான் அவருடைய உண்மையான திறமை இருக்கிறது என்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அவருக்குச் சோறு போட்டது இந்த இரண்டு நாடகங்கள்.

லண்டனில் சில மாதங்கள் ஓடி முடிந்த நாடகம் அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ‘ஃபைவ் செல்சி லேன்’ என்ற பெயரில் நடந்தது. நியூயார்க்குக்கு வந்தபோது ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ ஆயிற்று. 1941 டிசம்பர் 5 அன்று, ரிச்மண்டில் அரங்கேறிய அதே தேதியில், ஜான் கோல்டன் தியேட்டரில் தொடங்கியது. இரண்டு நாள் கழித்துப் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. இப்படிப்பட்ட வாரத்தில் தொடங்கும் நாடகத்துக்கு யார் ஆயுள் ஜாதகம் எழுதுவார்கள்? ஆனால் அது 1944 டிசம்பர் இறுதிவரை 1,295 காட்சிகள் ஓடியது. பாடல் ஆடல் இல்லாத நாடகத்துக்கு இது பெரிய எண்ணிக்கை. கணவனாக நடித்தவர் வின்சென்ட் பிரைஸ். பின்னாளில் திகில் படங்களின் வில்லனாக உலகம் அறிந்த அதே பிரைஸ். பெல்லாவாக ஜூடித் எவலின், ரஃபாக லியோ ஜி. கேரல்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரே நாடகத்துக்கு மூன்று பெயர்கள் ஆகிவிட்டன. இனி வரலாறு எழுதுபவர் ‘கேஸ் லைட்’ என்ற பெயரை மட்டும் வைத்துப் பழைய பத்திரிகைகளைத் தேடினால் அமெரிக்க வெற்றியையே கோட்டைவிடுவார். அமெரிக்காவில் அச்சான பிரதியும் ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில்தான் வந்தது. அதனால் பள்ளிகளும் அமெச்சூர் குழுக்களும் அந்தப் பெயரிலேயே அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடை வரலாற்றில் முதல் பாடம், பெயரை நம்பாதே என்பதுதான். கதாபாத்திரங்களின் பட்டியலையும் அங்கங்களின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் ‘இது அதுவே’ என்று முடிவுகட்ட வேண்டும்.

திரைப்படம் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. 1940இல் தொரால்ட் டிக்கின்சன் இயக்கிய ஆங்கிலேயப் படம் வந்தது, நாடகத்துக்கு நெருக்கமானது. 1944இல் எம்ஜிஎம் நிறுவனம் ஜார்ஜ் குக்கோரை வைத்து மறுபடி எடுத்தது. இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம் அதுதான், ஆஞ்செலா லான்ஸ்பரி அறிமுகமானதும் அதில்தான். ஹாலிவுட் கதாநாயகியின் பெயரை மாற்றியது, கொலையுண்டவளைப் புகழ்பெற்ற பாடகியாக்கி அவளைக் கதாநாயகிக்குச் சித்தியாக்கியது, கிழட்டு ரஃபை நீக்கிவிட்டு இளைஞனான, அழகான துப்பறிபவரை வைத்தது. பிரிட்டனில் அந்தப் படம் ‘தி மர்டர் இன் தார்ன்டன் ஸ்கொயர்’ என்று வெளியானது, ஏனென்றால் ‘கேஸ்லைட்’ என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. ஆக, ஒரே விளக்குக்கு இப்போது நான்கு பெயர்கள். போட்டியே இருக்கக் கூடாது என்று பழைய படத்தின் பிரதிகளை அழிக்க எம்ஜிஎம் முயன்றது என்ற கதையும் உண்டு. தன் இருப்பை மறைக்கப் பொருளை ஒளித்துவைப்பது மானிங்ஹாமின் வேலை அல்லவா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

ஆப்பிரிக்கான்ஸ் மேடை

இனி தெற்கே போவோம். க்வென் ஃப்ராங்கன்-டேவிஸின் வாழ்க்கைத் துணை மார்டா வான்னே, பிரிட்டோரியாவிலிருந்து லண்டனுக்குப் போய்ப் பெயரெடுத்த நடிகை. அவருடைய முன்னாள் கணவர் ஸ்டிரைடம், 1954 முதல் 1958 வரை தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்தவர், நிறவெறி ஆட்சியின் கடும்போக்காளர்களில் ஒருவர். இதைக் கற்பனைக் கதையில் எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்போம். இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் இந்த இரு பெண்மணிகளும் தென்னாப்பிரிக்காவில் குழு அமைத்துச் சுற்றுப்பயணமாக நாடகங்கள் நடத்தினார்கள். அங்கே ஒரு தேசிய நாடக அமைப்பு வேண்டும் என்று வாதாடியவர்களில் மார்டா வான்னே முக்கியமானவர். லண்டனின் முதல் பெல்லா தென்னாப்பிரிக்கச் செம்மண்ணில் நடந்தது இப்படித்தான்.

அவர்கள் நடத்தியது ஆங்கில நாடகம். பக்கத்திலேயே இன்னொரு மொழியின் மேடை இளமைத் துடிப்போடு வளர்ந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்கான்ஸ் என்பது பதினேழாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சு, அங்கிருந்த அடிமைகள், பூர்வகுடிகள் ஆகியோரின் வாயில் புழங்கி உருமாறிய மொழி. 1925இல்தான் அது அரசு மொழியாக ஏற்கப்பட்டது. தொழில்முறை ஆப்பிரிக்கான்ஸ் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகக் கிளம்பியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஹாலந்திலிருந்து வந்த பால் டி குரூட்டின் குழு முன்னோடி. அதில் தொடங்கிய ஆண்ட்ரே ஹூகெனெட், பின்னர் அந்த மொழியின் மிகப் பெரிய நடிகராகி, 1947இல் ‘ஹாம்லெட்’டை ஆப்பிரிக்கான்ஸில் நடித்துக் காட்டினார்.

இந்தக் குழுக்களின் வாழ்க்கை நம் பழைய ஸ்பெஷல் நாடகக் குழுக்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. ஊருக்கு ஊர் தூரம் அதிகம், மக்கள்தொகை குறைவு, சாலை மோசம். நகர மண்டபம், பள்ளிக்கூட ஹால், தேவாலயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் திரை கட்டுவார்கள். ஒரு ராத்திரி, அதிகம் போனால் இரண்டு ராத்திரி, பிறகு அடுத்த ஊர். இப்படிப்பட்ட குழுவுக்கு எந்த நாடகம் வசதி? இருபது பாத்திரங்களும் ஏழு காட்சிமாற்றங்களும் உள்ள சரித்திர நாடகமா? ஐந்து முக்கியப் பாத்திரங்கள், ஒரே அறை, ஒரே மாலைப்பொழுது என்று முடிந்துவிடும் திகில் நாடகமா? ‘கேஸ் லைட்’ வகை நாடகங்கள் உலகம் முழுவதும் பரவியதற்கு அவற்றின் இலக்கிய மதிப்பைவிட, ஒரு லாரியில் அடங்கிவிடும் தன்மை பெரிய காரணம். மேடை வரலாறு எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வார்கள்.

சொந்தமாக எழுதப்பட்ட நாடகங்கள் குறைவாக இருந்ததால் ஆப்பிரிக்கான்ஸ் மேடை மொழிபெயர்ப்புகளைப் பெரிதும் நம்பியிருந்தது. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் என்று பல இடங்களிலிருந்தும் எடுத்தார்கள். 1947இல் தேசிய நாடக அமைப்பு அரசு மானியத்தோடு தொடங்கப்பட்டபோது ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் என்ற இரு மொழிகளிலும் நாடகங்கள் தயாரித்துச் சுற்றுக்கு அனுப்பியது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த அமைப்பு கலைக்கப்பட்டு, மாகாணத்துக்கு ஒன்றாக நான்கு நிகழ்கலை மன்றங்கள் வந்தன. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி 1976 ஜனவரியில்தான் வந்தது. மற்ற நாடுகளில் ஐம்பதுகளிலேயே சின்னத்திரை திகில் கதைகளை விழுங்கிவிட, இங்கே இன்னும் இருபது ஆண்டுகள் அவை மேடைக்கும் வானொலிக்கும் சொந்தமாக இருந்தன.

இப்போது ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கணவன், மனைவி, சமையற்காரி, போலீஸ்காரர் எல்லோரும் ஒருவரையொருவர் ஒரே ‘யூ’ என்ற சொல்லால் அழைக்கலாம். ஆப்பிரிக்கான்ஸில் அது முடியாது. நம் நீ, நீங்கள் போல அங்கேயும் நெருக்கத்துக்கு ஒரு சொல், மரியாதைக்கு ஒரு சொல் உண்டு. பெற்றோரை ‘நீங்கள்’ என்றுகூடச் சொல்லாமல் ‘அப்பாவுக்குக் காப்பி வேண்டுமா?’ என்று அப்பாவிடமே கேட்பார்கள். முன்பின் தெரியாத பெரியவரையும் மாமா, அத்தை என்று உறவு வைத்து அழைப்பார்கள். இந்த விஷயத்தில் ஒரு தமிழர் அந்த மொழிக்குள் எளிதாக நுழைந்துவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு வசனத்திலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மானிங்ஹாம் மனைவியிடம் எப்படிப் பேசுவான்? நெருக்கமான சொல்லாலா? அவளை விசாரிக்கும்போது மட்டும் மரியாதைச் சொல்லுக்குத் தாவி அவளை அந்நியமாக்குவானா? நான்சி என்ற துடுக்கான வேலைக்காரியிடம் அவன் சரசமாடும் காட்சியில் அந்தத் துடுக்குக்காரி மரியாதையை எப்போது கைவிடுவாள்? ஆங்கில மேடையில் நடிகை புருவத்தால் சொல்வதை இங்கே ஒரு பிரதிப்பெயர்ச்சொல் சொல்லிவிடும். தமிழில் இதை எழுதிப் பார்த்தால் உடனே புரியும்: ‘நீ எங்கே வைத்தாய்?’ என்பதைவிட ‘எங்கே வைத்தீர்கள், அம்மணி?’ என்று கணவன் மனைவியைக் கேட்பதில் நஞ்சு அதிகம்.

அடுத்தது விளக்குச் சிக்கல். பண்ணையூர்களில் இருந்து வரும் பார்வையாளர் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றினால் மற்றொன்று தாழாது. அப்படியானால் கதையின் தடயமே அவருக்கு விளங்காது, ஒரு வசனத்தில் விளக்கிச் சொல்ல வேண்டும். லண்டன் பார்வையாளர்களில் வயதானவர்களுக்கு அது பிள்ளைப்பிராய நினைவு. இதே விளக்கத்தை இன்றைய பார்வையாளருக்கும் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. காலத்தால் தள்ளிப்போனவரும் தூரத்தால் தள்ளி இருப்பவரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள்.

இவ்வளவு பேசிவிட்டு, அரங்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்காமல் போவது நேர்மையாகாது. அந்தக் காலத் தென்னாப்பிரிக்க அரங்குகள் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கானவை. நிறவெறிச் சட்டங்கள் அதை மேலும் இறுக்கின. 1963இல் சாமுவேல் பெக்கெட், ஹரால்ட் பின்ட்டர் உட்பட 40க்கும் மேற்பட்ட நாடகாசிரியர்கள், பார்வையாளரை நிறத்தால் பிரிக்கும் அரங்குகளில் தங்கள் நாடகங்களைப் போட அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். 1971இல் கேப்டவுனில் பெரும் செலவில் திறக்கப்பட்ட நிக்கோ மலான் அரங்கம் முதலில் வெள்ளையருக்கு மட்டும். எல்லோரையும் அனுமதிக்க 1975 வரை ஆயிற்று. ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகப் பேசிய மக்களில் பெரும்பங்கினர் வெள்ளையரல்லாத கேப் மக்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கள் வீட்டில் பேசும் மொழியில் நடக்கும் நாடகத்துக்கு அவர்களுக்கே டிக்கெட் இல்லை. காட்சிகளின் எண்ணிக்கையும் நடிகர் பட்டியலும் இந்தக் காலி இருக்கைகளைக் காட்டாது. நல்ல மேடை வரலாறு காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட தகவல்கள் எங்கே கிடைக்கும்? நிகழ்ச்சி நோட்டீஸ், பத்திரிகை விமர்சனம், ஒத்திகையின்போது ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய பிரதி, குழு மேலாளரின் கணக்குப் புத்தகம், நடிகர்களின் சுயசரிதை என்று சிதறிக் கிடக்கும். மொழிபெயர்ப்புகள் அச்சேறாமல் தட்டச்சுப் பிரதியாகவே வாழ்ந்து மடிவது வழக்கம். குழு கலைந்தால் பிரதியும் போய்விடும். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெம்பிள் ஹாப்ட்ஃபிளெய்ஷ் போன்றவர்கள் தென்னாப்பிரிக்க நாடகக் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாடகம், அதன் மூலப் பெயர், மொழிபெயர்ப்புப் பெயர், எந்தக் குழு, எந்த ஊர், யார் நடித்தார்கள் என்று பொறுமையாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். நம்முடைய சபா நாடகங்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கிறது.

சொல் நாடகத்தை விழுங்கிய கதை

‘கேஸ் லைட்’ பழைய வீடுகளுக்கும் அவ்வப்போது திரும்பி வந்தது. 1948இல் நியூயார்க்கில் ஹோசே ஃபெரர், ஊட்டா ஹேகன் நடித்தார்கள். 1975இல் நியூயார்க்கின் அரங்குப் பகுதியான பிராட்வேயில் மறுபடி போட்டார்கள், அதிக நாள் ஓடவில்லை. 2007இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் பீட்டர் கில் இயக்கத்தில் ரோசமண்ட் பைக் பெல்லாவாக நடித்தார். இவற்றுக்கெல்லாம் தேதி சொல்லலாம், ஆனால் உண்மையான திருப்பம் மேடைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

1969இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்ற இருவர் ‘கேஸ் லைட் நிகழ்வு’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார்கள். குடும்பத்தாரே ஒருவரைப் பைத்தியம் என்று காட்டி மனநல மருத்துவமனைக்குள் தள்ளப் பார்த்த நிஜச் சம்பவங்கள் அதில் இருந்தன. பிறகு உளவியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள், பெண்ணிய எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள், அரசியல் எடுத்துக்கொண்டது. 2022இல் அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அந்த ஆண்டு அச்சொல்லைத் தேடியவர்களின் எண்ணிக்கை 1,740 சதவீதம் உயர்ந்ததாம்.

ஒரு திகில் நாடகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. தலைப்பைக் கேட்டதுமே எல்லாருக்கும் கணவன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. 1938இல் டிக்கெட் வாங்கியவர் முதல் இருபது நிமிடங்கள் ‘பாவம், இவ்வளவு பொறுமையான கணவனுக்கு இப்படி ஒரு மனைவியா’ என்று நினைத்திருக்கலாம். இன்று அந்த இருபது நிமிடங்கள் பறிபோய்விட்டன. அதனால் இயக்குநர்கள் வேறு இடத்தில் பயத்தைத் தேடுகிறார்கள். ‘அவன் கெட்டவனா?’ என்ற கேள்வி போய், ‘அவள் எப்போது தன் கண்ணை நம்புவாள்?’ என்ற கேள்வி நடுவுக்கு வருகிறது.

இதோடு ரஃபின் நிலையும் சங்கடமாகிவிட்டது. அவர் சுவையான பாத்திரம், விஸ்கியும் கிண்டலுமாக வலம்வருபவர். ஆனால் ஒரு ஆண் சொல்வதை நம்பி நொந்தவளை இன்னொரு ஆண் வந்து, ‘நீ நினைத்தது சரிதான்’ என்று சான்றிதழ் கொடுத்துக் காப்பாற்றுவது இன்றைய கண்ணுக்கு உறுத்துகிறது. 2022இல் கனடாவின் ஷா நாடக விழாவில் ஜோனா ரைட், பேட்டி ஜேமிசன் இருவரும் எழுதிய புதிய வடிவம் மேடையேறியபோது, துப்பறிபவரே கிடையாது. விளக்கு ஏன் தாழ்கிறது என்று பெல்லாவே யோசித்துக் கண்டுபிடிக்கிறாள். நான் பழமைவாதி, எனக்கு ரஃபின் தொப்பி வேண்டும். ஆனால் மாற்றத்தின் நியாயம் புரிகிறது.

பழைய வடிவத்தை அப்படியே விட்டாலும், ஹாமில்டன் பெல்லாவைக் கைவிடவில்லை. கடைசிக் காட்சியில் கணவன் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறான். அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்கிறாள். அவன் குழைந்து, சவரக்கத்தியை எடுத்துக் கட்டை அறுத்துவிடு என்கிறான். அவள் கத்தியை எடுக்கிறாள். எடுத்தது எங்கே போனது என்று மறந்துவிட்டது என்கிறாள். பைத்தியம் அல்லவா, பைத்தியத்தால் எப்படி உதவ முடியும் என்று அவன் சொற்களையே அவன்மீது திருப்புகிறாள். எந்த மொழியில், எந்தப் பெயரில் போட்டாலும் நடிகைகள் இந்தப் பாத்திரத்துக்குப் போட்டிபோடுவது இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

கடைசியாக, விளக்கைப் பற்றியே ஒரு வார்த்தை. கதை நடக்கும் 1880இல் நாடக அரங்குகளே கேஸ் விளக்கில்தான் ஒளிர்ந்தன. அடுத்த ஆண்டு, 1881இல், லண்டனில் திறக்கப்பட்ட சவாய் தியேட்டர், முழுக்க மின்விளக்கால் ஒளிர்ந்த முதல் பொதுக் கட்டடமாயிற்று. ஹாமில்டன் எழுதிய காலத்தில் மேடைக்கு வாயு வரவே இல்லை. ஆகவே ரிச்மண்டில் அன்று தாழ்ந்த சுடரும் மின்சாரம்தான், இன்று தாழ்வதும் மின்சாரம்தான். ஒளியமைப்பாளர் ஒருவர் இருட்டில் உட்கார்ந்து விரல் நுனியால் அதை இறக்குகிறார். சட்டென்று இறக்கினால் மின்வெட்டு என்று நினைப்பார்கள். மிக மெதுவாக இறக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சரியாக இறக்கினால், பின்வரிசையில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, ‘இப்போது வெளிச்சம் குறைந்ததா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?’ என்று கேட்பார்.